ராக்காயியின் கிழங்கு லாரிப் பாட்டு

கொடைக்கானல் ஞாயிற்றுச் சந்தையில் ராக்காயி கஞ்சிராவைக் கையில் எடுத்துவிட்டால் முதலில் முகம் சுளிப்பவர் வளையல்காரர்தான். அவரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பாதி வளையல் ஏறிய கையோடு அப்படியே நகர்ந்துவிடுவார்கள். "இந்தப் பொம்பளை வந்தா என் பொழப்பு அம்புட்டுத்தான்" என்று முனகுவார். முனகிவிட்டு அவரும் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்ப்பார். பார்க்காமல் என்ன செய்வார், அப்படி ஒரு தொண்டை அவளுக்கு. சந்தையின் மேல் முனையில் அவள் ஆரம்பித்தால் கீழ் முனையில் காரட் கழுவுகிறவன் நிமிர்ந்து பார்ப்பான்.

அறுபதுகளில் அந்த மலையில் பாட்டுக் கட்டிப் பிழைத்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். எல்லார் கையிலும் புத்தகக் கட்டு இருக்கும். எட்டுப் பக்கம், மட்டக் காகிதம், மேலே மசமசவென்று ஒரு படம். பாடி முடித்ததும் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி விற்பதுதான் அந்தத் தொழில். ராக்காயி மட்டும் வெறுங்கையோடு வருவாள். பாடுவாள், விரித்த துண்டில் விழுந்ததை முடிந்துகொள்வாள், அடுத்த ஊருக்கு நடையைக் கட்டுவாள். "உம் பாட்டை அச்சடிச்சு வித்தா என்ன?" என்று விவரம் தெரியாத யாராவது கேட்டுவிட்டால் தீர்ந்தது. அச்சுக்கூடத்தில் ஆரம்பித்து அதற்கு மை விற்றவன் வரைக்கும் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள். வாய்க்கொழுப்பு பிடித்தவள் என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். அவளுக்கு நடந்தது அவர்களுக்கு நடந்திருந்தால் அவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நிற்கவைத்துக் கேட்க வேண்டும்.

பள்ளங்கி என்ற மலைக் கிராமத்துக்காரி அவள். கிழங்கு தோண்டும் கூலி. பாட்டு அவளுக்குச் சோறு போடும் என்று அவளே நினைத்ததில்லை. சோற்றில் மண் போட்டதுதான் முதலில் நடந்தது. பெண்கள் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட முறைக்கும் கங்காணி ஒருவன் இருந்தான். தோட்டத்தில் அவன் தூங்குவதையும் குறட்டை விடுவதையும் வைத்து ஒரு பாட்டுக் கட்டினாள். மறுநாள் வரிசை முழுவதும் அதைப் பாடிக்கொண்டே தோண்டியது. அதற்கடுத்த நாள் ராக்காயிக்கு வேலை இல்லை. கைவசம் வேறு சோலி எதுவும் இல்லாததால், அதே பாட்டைச் சந்தையில் போய்ப் பாடினாள். கங்காணிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அந்த மலையில் குறைவா என்ன? துண்டு நிறைந்தது.

புருஷன் பொன்னுவேல், கலைந்துபோன ஒரு நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தவன். எழுதப் படிக்கத் தெரிந்தவன். அவள் வாயால் பாட்டைக் கட்டுவாள், அவன் அதைக் காகிதத்தில் எழுதுவான், வத்தலக்குண்டில் அச்சடித்துக்கொண்டு வருவான். பூம்பாறைக்கு முதல் பஸ் வந்தபோது ஒரு பாட்டு. ஆலங்கட்டி மழையில் பூண்டு போனதற்கு ஒரு பாட்டு. சீசனுக்கு வந்த பட்டணத்துப் பெரிய மனிதர் குதிரையில் ஏறத் தெரியாமல் அந்தப் பக்கமாக விழுந்ததற்குக்கூட ஒரு பாட்டு. மன்னவனூர், கூக்கால், பண்ணைக்காடு, பங்குனி உத்திரத்துக்குப் பழனி அடிவாரம் என்று வருஷத்தில் பாதி நாள் நடைதான். மேல்மலைப் பனியில் கஞ்சிராத் தோல் தொய்ந்து 'தொப்' என்று கிடக்கும். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் டீக்கடை அடுப்பில் அதைக் காய்ச்சிவிட்டுத்தான் பேச்சு.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டின் கடைசி அடி, அதாவது முடிக்கிற நாலு வரி, பாடுகிறவருக்குச் சொந்தமில்லை. அன்றைக்கு யார் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்தாரோ, அவர் பேரை அதில் செருகிப் புகழ்ந்து முடிக்க வேண்டும். உபய அடி என்பார்கள். ஊருக்கு ஊர் அது மாறும். புத்தகத்தில் இருப்பது ஒன்றாக இருக்கும், வாயில் வருவது ஒன்றாக இருக்கும், யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். ராக்காயியும் செய்தவள்தான். கூக்காலில் எச்சில் கையால் காக்கை விரட்டாத ஒருவரைக் கர்ணன் என்று பாடிவிட்டு, வரும் வழியெல்லாம் சிரித்திருக்கிறாள். அது விளையாட்டு என்று பாடியவளுக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் அந்த விளையாட்டு முடிந்தது.

வத்தலக்குண்டில் கிழங்கு மண்டி வைத்திருந்தவர் குருநாதன். பூம்பாறைப் பக்கம் குத்தகை நிலம், மலையேறும் லாரி இரண்டு. பள்ளங்கிப் பெண்கள் அவருடைய காட்டில் வாரம் முழுக்கத் தோண்டி, கொட்டகையில் படுத்து, சனிக்கிழமை கிழங்கு மூட்டைகள் மேலேயே உட்கார்ந்து ஊர் திரும்புவார்கள். அந்தச் சனிக்கிழமை வெள்ளனே மழை. லாரி டிரைவர் வண்டியைவிட்டு இறங்கிவந்து, காட்டோரம் குடை பிடித்து நின்ற குருநாதனிடம் சொன்னான்: "பிரேக்கை மிதிச்சா உள்ளாற போகுதுங்க மொதலாளி. பொம்பளைகளையாவது எறக்கிருவோம், நடந்து வரட்டும்."

"அவளுக நடந்து போய்ச் சேந்து, காலு வலிக்குதுன்னு திங்கக்கெழமை வராம நின்னா யாரு தோண்டுறது? மழையில கெழங்கு அழுகிக் கெடக்கு. வெரசா எடு வண்டியை."

இதை முன்பக்க மூட்டையில் உட்கார்ந்திருந்த பிச்சையம்மாள் இரண்டு காதாலும் கேட்டாள். வண்டி மூன்றாவது வளைவைத் தாண்டவில்லை. நாலு பெண்களும் டிரைவரும் செத்துப்போனார்கள். பிச்சையம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

செத்த நாலு பேரில் ஒருத்தி கண்மணி. ராக்காயியின் தங்கச்சி. அக்கா கட்டும் பாட்டை முதலில் கேட்டு, "மூணாவது அடி மூச்சு முட்டுது, மாத்து" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

விசாரணை நடந்தது. டிரைவரின் கவனக்குறைவு என்று முடிந்தது. செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறான்? பிச்சையம்மாள் விசாரணையில் வாயே திறக்கவில்லை. அவள் புருஷன் அதே மண்டியில் மூட்டை தூக்குகிறவன். ராக்காயியிடம் மட்டும், படுத்த படுக்கையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லி அழுதாள். செத்தவர்கள் வீட்டுக்கு வீடு ஒரு கோடிச் சேலை அனுப்பிவைத்தார் குருநாதன். ராக்காயி அந்தச் சேலையை வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

அவளிடம் இருந்தது தொண்டை ஒன்றுதான். காரியம் முடிந்த கையோடு பாட்டைக் கட்டினாள். நாலு பெண்களுக்கும் ஆளுக்கு ஓர் அடி. பேர், தெரு, வீட்டில் யார் யார், தலையில் என்ன பூ என்பது வரைக்கும். ஐந்தாவதாக இப்படி முடித்தாள்:

பிரேக்கு இல்லையின்னு பேசி நின்ன டிரைவரை
ஏறு வண்டியிலே என்று சொல்லி அனுப்பியவன்
மண்டி குருநாதன், மறக்காதீங்க அந்தப் பேரை,
அண்டிப் பொழச்ச சனம் அஞ்சு பொணம் ஆனதம்மா.

முதன்முதலில் சந்தையில் பாடி முடித்ததும் வளையல்காரர் கிட்டே வந்து, "ஆத்தா, பெரிய எடம். அந்தக் கடைசி அடியை மட்டும் மாத்திக்கயேன்" என்றார்.

"இந்தப் பாட்டுக்கு உபயம் கெடையாதுங்க" என்றாள் ராக்காயி. "இது ஒண்ணுலயாச்சும் கடைசி அடி என்னுது."

பொன்னுவேல் வழக்கம்போலப் பாட்டை எழுதி எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டுக்குப் போனான். திரும்பி வந்தபோது பார்த்தால், புத்தகமா அது? கெட்டி அட்டை, சிவப்பும் நீலமுமாக லாரிப் படம், வழவழவென்று தாள். ராக்காயிக்கு ஓர் எழுத்தும் தெரியாது. முகர்ந்து பார்த்தாள், தடவிப் பார்த்தாள்.

"எப்பிடிய்யா இம்புட்டு நல்லா அடிச்சுக் குடுத்தான்?"

"பாட்டு நல்லா ஓடும்னு அவனுக்கே தோணிருச்சு" என்றான் பொன்னுவேல், ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டே.

ஓடத்தான் செய்தது. மேல்மலையில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கும் வீட்டிலெல்லாம் அந்தப் புத்தகம் போய்ச் சேர்ந்தது. ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் கேட்டுப் பாடம் பண்ணினார்கள். ராக்காயிக்கு ஆச்சரியம் என்னவென்றால், குருநாதனின் ஆட்கள் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூம்பாறையில் அவருடைய கிழங்குக் கிட்டங்கி வாசலில் நின்று பாடினாள்; உள்ளே கூப்பிட்டுக் கண்ணாடி டம்ளரில் டீ கொடுத்தார்கள். "பாத்தியா, பயந்துட்டான்" என்று புருஷனிடம் பெருமையாகச் சொன்னாள். பொன்னுவேல் டீயை ஊதி ஊதிக் குடித்தான்.

தை பிறந்ததும் ஆள் வந்தது. பூம்பாறைத் தேர் அன்றைக்குப் பாட்டுக் கச்சேரிக்கு மேடையும் மைக் செட்டும் குருநாதன் உபயம். ராக்காயி வந்து கிழங்கு லாரிப் பாட்டைப் பாட வேண்டும் என்றார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் மேடை, அவன் மைக், எதிரே அவன். தேருக்கு வந்த அத்தனை சனத்துக்கும் முன்னால் அவன் பேரைச் சொல்லலாம். கண்மணிக்கு இதைவிட என்ன செய்துவிட முடியும்? சரி என்று சொல்லியனுப்பினாள்.

தேருக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. சந்தையில் அந்தப் பாட்டைப் பாடி முடித்து, புத்தகக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நீலக்கரை வைத்த வெள்ளைச் சேலையில் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். மிஷன் பள்ளிகளில் ஆயா வேலை பார்ப்பவர்கள் உடுத்தும் சேலை.

"புத்தகம் வேணுமா தாயி?"

"எங்கிட்ட இருக்கு" என்று கூடையிலிருந்து ஒன்றை எடுத்து ராக்காயியின் காலடியில் எறிந்தாள் அந்தப் பெண். "என் பேரு இசபெல்லா. அந்த லாரியை ஓட்டிட்டுப் போன டிரைவரோட பொஞ்சாதி."

ராக்காயி சட்டென்று கைகூப்பினாள்.

"கும்பிடாத. எம் புருஷன் ஒரு நாள் குடிச்சு நீ பாத்திருக்கியா? லைசென்ஸ் வாங்குன நாள்லருந்து ஒரு கம்ப்ளெய்ன்ட் கெடையாது. ஞாயித்துக்கெழமை சர்ச்சுல முதல் பெஞ்சு. அவரைக் குடிகாரன்னு எழுதி ஊரு ஊரா விக்கிறியே, நீ வெளங்குவியா?"

"குடிச்சாருன்னு எவன் சொன்னது?"

"நீதான். நான் வேலை செய்யிற எடத்துல சமையக்காரம்மா வாசிக்கிறாங்க, நான் அங்க பாத்திரம் கழுவிக்கிட்டு நிக்கிறேன்."

"நான் பாடுனதை இப்பக் கேட்டீகள்ல?"

"கேட்டேன். வாயில ஒண்ணு பாடுற, கையில ஒண்ணு விக்கிற. ரெண்டு பக்கமும் நல்ல பேரு வாங்கிக்கணும், அப்படித்தானே?"

சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ராக்காயி குனிந்து அந்தப் புத்தகத்தை எடுத்துத் தட்டி, இசபெல்லாவிடம் நீட்டினாள். "எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்களே வாசிங்க. சத்தமா வாசிங்க."

இசபெல்லா மெட்டு இல்லாமல், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல வாசித்தாள்:

போதை தலைக்கேறிப் புத்தி கெட்ட டிரைவராலே
பாதை தடுமாறிப் பள்ளத்தில் விழுந்ததம்மா,
மண்டி குருநாதன் மகராசன் ஓடி வந்து
அண்டிப் பொழச்ச சனம் அழுத கண்ணைத் தொடச்சாரம்மா.

ராக்காயிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் ஆத்திரத்துக்கு முன்னால் காது வேலை செய்தது. மனசுக்குள் அந்த நாலு வரியையும் மெட்டில் போட்டுப் பார்த்தாள். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. அவள் மூச்சு விடும் இடத்தில் சொல் நின்றது, அவள் இழுக்கும் இடத்தில் சொல் நீண்டது. அவளுடைய 'மண்டி'யும் அவளுடைய 'அண்டி'யும் அப்படியே இருந்தன. அச்சுக் கோக்கிறவனுக்கு இது வராது. குருநாதனுக்குச் செத்தாலும் வராது. அவள் தொண்டைக்கு அளவெடுத்துச் சொல் தைக்கக்கூடியவன் இந்த மலையிலேயே ஒருவன்தான். அவன் அவளுக்குப் பின்னால் ஆர்மோனியப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தான்.

இத்தனை மாதமாக யாரும் ஏன் சொல்லவில்லை என்பதும் அப்போதே விளங்கிவிட்டது. கடைசி அடிதானே, புத்தகத்துக்கு உபயம் கொடுத்தவர் பேராக இருக்கும் என்று வாசித்தவர்கள் விட்டுவிட்டார்கள். டிரைவர் அவர்களுடைய ஊர்க்காரனும் இல்லை, சாதிசனமும் இல்லை. குடித்தானோ இல்லையோ, யாருக்கு என்ன வந்தது?

"நீயாய்யா கட்டுன?"

"சத்தம் போடாத ராக்கு. வீட்டுல போயிப் பேசுவோம்."

"இங்கன பேசு."

பொன்னுவேல் பெட்டியை விட்டு நிமிர்ந்தான். "அச்சுக்கூடத்துக்கே அவரு ஆளு வந்துட்டான். பூராச் செலவையும் ஏத்துக்கிறோம், கடைசி அடியை மட்டும் எங்களுக்கு விடுன்னான். கடைசி அடி என்னைக்கு நமக்குச் சொந்தமா இருந்துச்சு? நீ பாடாத பொய்யா? கூக்கால்ல அந்தக் கஞ்சனைக் கர்ணன்னு பாடலையா?"

"கூக்கால்ல எவன் பொணத்து மேல நின்னு பாடுனேன்?"

"வாயில நீ உள்ளதைத்தானே பாடுற. அது போதும்னு நெனச்சேன். புத்தகத்தை எவன் உத்துப் படிக்கப் போறான்?"

"கண்மணி உன்னைய வாய் நெறைய மாமான்னு கூப்பிட்டாளே, பாவி."

அச்சிட்டதைப் படிக்கமாட்டார்கள் என்று நினைத்தானாம். அச்சிட்டதைத்தான் நம்புவார்கள் என்று எழுத்துத் தெரிந்த அந்த மனிதனுக்குத் தெரியவில்லை.

ராக்காயி மீதிப் புத்தகக் கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு சந்தைக்குப் பக்கத்து ரொட்டிக்கடைக்குப் போய் அடுப்பில் திணித்தாள். ரொட்டியில் மை வாடை அடிக்கும் என்று கடைக்காரர் கத்தினார், அடிக்கட்டும் என்றாள். பொன்னுவேலை அவள் வீட்டைவிட்டு விரட்டவில்லை. பிறகும் எத்தனையோ வருஷம் அவன் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயேதான் நடந்தான். ஆனால் கிழங்கு லாரிப் பாட்டை அவள் தொடங்கினால், பெட்டியை மூடிவிட்டுக் கண்ணில் படாத தூரத்துக்கு எழுந்துபோய்விட வேண்டும். அதில் அவள் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

அடுப்படியிலிருந்து திரும்பி வந்தபோது இசபெல்லா அங்கேயே நின்றாள்.

"வித்ததைத் திரும்ப வாங்க முடியாது" என்றாள் ராக்காயி. "பூம்பாறைத் தேருக்கு வாங்க. அவன் மூஞ்சிக்கு நேரா உள்ளதைப் பாடுறேன்."

"பாடு. டியூட்டி மாத்திக்கிட்டு வர்றேன்" என்றாள் இசபெல்லா. அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

தேர் அன்றைக்குப் பூம்பாறையில் கால் வைக்க இடமில்லை. மேல்மலை ஊர்கள் அத்தனையும் வந்து இறங்கியிருந்தன. நிலைக்கு வந்த தேருக்குச் சற்றுத் தள்ளி மேடை. முன்வரிசையில் நாற்காலி போட்டுக் குருநாதன், கழுத்தில் மாலை. ராக்காயி வடைக்கடை அடுப்பில் கஞ்சிராவைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு தனியாக ஏறினாள். கூட்டத்தின் ஓரத்தில் நீலக்கரைச் சேலைமேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இசபெல்லா நிற்பதைப் பார்த்துக்கொண்டாள்.

முதல் பெண்ணின் அடி, இரண்டாவது, மூன்றாவது. நாலாவதாகக் கண்மணி. அந்த அடியில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பள்ளங்கிக்காரர்கள் விம்மினார்கள். ராக்காயி தோலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, குருநாதனை நேராகப் பார்த்து, "பிரேக்கு இல்லையின்னு" என்று எடுத்தாள்.

கூட்டம் எடுத்துக்கொண்டது. "போதை தலைக்கேறி" என்று அத்தனை பேரும் சேர்ந்து பாடினார்கள்.

யாரும் சொல்லிக்கொடுத்துப் பாடவில்லை. பாடமாகிப்போன பாட்டு, பிரியமான பாட்டுக்காரி, அவளோடு சேர்ந்து பாடுகிறோம் என்ற சந்தோஷம். அவள் குரலை உயர்த்தினாள், அவர்களும் உயர்த்தினார்கள். மைக்கையும் மீறி அந்தச் சத்தம் அவளை மூழ்கடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு கிழவி "மகராசன் ஓடி வந்து" என்று உருகிப் பாடினாள். அவர்களைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. அவர்கள் பாடியது அவள் கொண்டுபோய் விற்றது. வீட்டுக்கு வீடு அவள் கையாலேயே கொடுத்தது. கூட்டத்தின் ஓரத்தில் இசபெல்லா ஒரு சலனமும் இல்லாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாடி முடித்துக் கை தட்டினார்கள். குருநாதன் சால்வையோடு எழுந்து படியேறினார்.

"உக்காருங்க" என்றாள் ராக்காயி. "இன்னும் முடியலை."

கஞ்சிராவைக் கீழே வைத்தாள்.

"யாரும் கூடப் பாடாதீங்க. இது பாட்டு இல்லை. பாட்டாச் சொன்னா உங்களுக்கு மெட்டுத்தான் காதுல விழுகுது, அதனால பேச்சாவே சொல்றேன். நீங்க இப்பப் பாடுன அடி நான் கட்டுனது இல்லை. இந்தா நிக்கிற ஆளு சொல்லி, எம் புருஷன் கட்டுனது. எழுத்துத் தெரியாத சிறுக்கி நான், அதைச் சுமந்துட்டு வந்து உங்ககிட்ட வித்தேன்."

மைக் செத்தது. யாரோ ஒயரைப் பிடுங்கியிருந்தார்கள். ராக்காயி சிரித்தேவிட்டாள். எத்தனை சந்தையில், எத்தனை இரைச்சலுக்கு நடுவில் பாடிய தொண்டை அது. இவன் கொடுத்த மைக்கை நம்பியா அவள் மலையேறி வந்தாள்?

"அன்னைக்கு வண்டியில பிரேக்கு இல்லை. இல்லைன்னு டிரைவர் சொன்னாரு. பொம்பளைகளை எறக்கிருவோம்னு கேட்டாரு. எறக்காத, எடு வண்டியைன்னு சொன்னது இந்தக் குருநாதன். எந்தங்கச்சியைக் கொன்னது இந்தக் குருநாதன். கேட்ட ஆளு இருக்கு. பயந்துக்கிட்டு இருக்கு. நான் பயப்படலை."

பள்ளங்கிக்காரர்கள் பக்கமாகப் பார்த்தாள். கம்பை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிச்சையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளை ராக்காயி பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவள் பாடித் திரிந்த காலம் முழுவதும், பாட்டின் அந்த முடிவை ஒருபோதும் மெட்டில் சொன்னதில்லை. கஞ்சிராவை வைத்துவிட்டு, இப்படித்தான் பேசினாள். பேச்சை யாரும் திருத்தி அச்சடிக்க முடியவில்லை.

குருநாதன் சால்வையைச் சுருட்டிக்கொண்டு படியில் அப்படியே நின்றார். அவருடைய ஆட்கள் இரண்டு பேர் மேடையை நோக்கி நகர்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் இசபெல்லா வந்துவிட்டாள். மேடைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். அழுகையும் இல்லை, நன்றியும் இல்லை அந்த முகத்தில்.

"நாலு பேருக்குப் பேரு சொல்லிப் பாடுன. எம் புருஷன் பேரு எங்க?"

நாலு பெண்களுக்கும் பேர் இருந்தது, தெரு இருந்தது, தலையில் வைத்த பூ இருந்தது. கொன்றவனுக்குக்கூடப் பேர் இருந்தது. செத்துப்போன அந்த மனிதன் அவளுடைய சொந்த அடியிலும் வெறும் டிரைவர். பேர் இல்லாத ஒருவன் தலையில் குடியைத் தூக்கி வைப்பது பொன்னுவேலுக்கு எவ்வளவு லேசாகப் போயிற்று. அந்தப் பேரை அவள் இதுவரை யாரிடமும் கேட்கக்கூட இல்லை. சந்தையில் இசபெல்லா முன்னால் கைகூப்பி நின்றபோதும் கேட்கவில்லை. இதைக் குருநாதன் செய்யவில்லை, பொன்னுவேலும் செய்யவில்லை. அவள் செய்தது. அத்தனை நாள் ஊரையெல்லாம் ஏசிய ஆத்திரம் முதன்முதலாகத் தன் பக்கமே திரும்பி அவளைச் சுட்டது.

"பேரைச் சொல்லுங்க" என்றாள், மேடை விளிம்பில் குனிந்து.

"ஜெபதுரை."

ராக்காயி நிமிர்ந்தாள். "டிரைவர் பேரு ஜெபதுரை" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "குடிக்காதவரு. உங்க வீட்டுப் பொம்பளைகளை எறக்கி விடச்சொல்லிக் கேட்ட ஒரே ஆளு. ஜெபதுரை."

ஆட்கள் படியில் கால் வைத்துவிட்டார்கள். இசபெல்லா நகரவில்லை.

"திரும்பச் சொல்லு" என்றாள்.

"ஜெபதுரை" என்று ராக்காயி, கையைப் பிடித்து இழுத்தவனை உதறிக்கொண்டு, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.